வீட்டுக்குப் பின்னால் உக்கிய கல்

எங்கள் வீடு மாவனல்லைப் பக்கம் ஒரு மலைச்சரிவில் இருக்கிறது. குசினியைப் பெருப்பிக்க எண்ணி வாப்பா பின்பக்க மேட்டை வெட்டத் தொடங்கினார். மண்வெட்டி பட்ட இடத்தில் வெள்ளையும் கறுப்புமாக வரிகள் தெரிந்தன. கருங்கல்லில் உள்ள அதே வரிகள். ஆனால் விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. "கல்லும் உக்குமா மகள்?" என்று உம்மும்மா கேட்டார்.

உக்கும். புவியியலில் இதனை வானிலையாலழிதல் என்கிறோம். பொருள் மாறாமல் கல் உடைவது பொறிமுறை அழிதல். இதற்குப் பெரும்பாலும் காட்டப்படும் உதாரணம், வெடிப்பில் நீர் பனிக்கட்டியாகிப் பாறையைப் பிளப்பது. எங்கள் ஊருக்கு அது பொருந்தாது. இங்கே வெடிப்பை அகலப்படுத்துவது அரச மரத்தின் வேர்தான்.

பெரிய வேலை இரசாயன அழிதலுடையது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்மையான அமிலமாகிறது. அது கல்லிலுள்ள பெல்ஸ்பாரைக் களிமண்ணாக்குகிறது. இரும்பு ஒட்சிசனோடு சேர்ந்து துருப்பிடிப்பதால் மண் சிவக்கிறது. குவார்ட்ஸ் மட்டும் பெரிதாக மாறாமல் மணலாக மிஞ்சுகிறது. வெப்பமும் மழையும் கூடிய நம் நாட்டில் இது விரைவாகவும் ஆழமாகவும் நடக்கிறது.

மேட்டுக்குள் உருண்டைக் கற்களும் இருந்தன. யாரும் உருட்டி வந்தவையல்ல. வெடிப்புகளால் பெட்டி பெட்டியாகப் பிரிந்த பாறையின் மூலையை நீர் மூன்று பக்கத்தாலும், விளிம்பை இரண்டு பக்கத்தாலும், முகத்தை ஒரு பக்கத்தாலும் தாக்குகிறது. மூலைகள் முதலில் உக்கிப்போக, நடுவில் உருண்டை எஞ்சுகிறது. வெங்காயம்போல் அதன் தோல் உரிவதை உம்மும்மாவுக்கு உரித்தே காட்டினேன்.

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. இந்தக் களிமண்ணும் உருண்டைகளும் நிற்பது சரிவில். அடி வெட்டப்பட்டால் மேலுள்ள மண்ணுக்குத் தாங்கல் இல்லை. மழைநீர் ஊறினால் பாரம் கூடும், பிடிமானம் குறையும். 2016 மே 17 அன்று, எங்களுக்கு அயலான அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். அதற்கு முன் சில நாட்களாகக் கடும் மழை பெய்திருந்தது.

வாப்பாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தார், பிறகு வரிகளை விரலால் உதிர்த்துப் பார்த்துவிட்டு மண்வெட்டியைக் கழுவி வைத்தார். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்காமல் இனி வெட்டுவதில்லை என்று முடிவாயிற்று. மேட்டின் மேல்பக்கம் நீர் வடிய ஒரு கான் வெட்டியிருக்கிறோம். ஒவ்வொரு மழைக்குப் பின்பும் நான் போய்ப் பார்ப்பேன்: நிலத்தில் புது வெடிப்பு உண்டா, கமுகு சாய்ந்திருக்கிறதா, ஊற்றுநீர் கலங்கி வருகிறதா. குசினி இன்னும் சின்னதாகவே இருக்கிறது. உம்மாவுக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம்தான்.