வாசிக்கிறான், விளங்கவில்லையாம்!

தாமிரபரணிக் கரையிலே ஓர் ஊர். அங்கே நம் தோழர்கள் நடத்தும் படிப்பகத்துக்குச் சென்ற மாதம் ஒரு மாலை, பீடி சுற்றும் அம்மையார் ஒருவர் வந்தார். கையிலே ஒரு கடிதம். பக்கத்திலே பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன். முப்பது ஆண்டுகளாகத் தட்டை மடியிலே வைத்து இலை வெட்டிச் சுற்றியவர் அவர். தமக்குச் சேரவேண்டிய சேமிப்புத் தொகையைக் கேட்டு விண்ணப்பித்திருந்தார். பதில் வந்திருந்தது, ஆங்கிலத்திலே.

"ஏலே, அண்ணாச்சிகிட்ட வாசிச்சுக் காட்டு" என்றார் மகனிடம்.

வாசித்தான் பையன். "யுவர் கிளைம் இஸ் ரிட்டர்ன்ட்" என்று தொடங்கி, தட்டுத் தடங்கலின்றி, கடைசி வரியிலே உள்ள கையொப்பக்காரரின் பதவிப் பெயர் வரை ஓட்டினான். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. தொழிலாளி வீட்டுப் பிள்ளை ஆங்கிலத்தை இப்படி வெளுத்து வாங்குகிறானே என்று!

"சரி தம்பி, என்ன சொல்லுது கடுதாசி?"

"அது தெரியாது அண்ணாச்சி. எங்க பாடத்துல இது வரல."

பாடத்திலே வரவில்லையாம்! கடிதம் சொன்னது இவ்வளவுதான்: விண்ணப்பத்திலே உள்ள பெயரும் அடையாள அட்டையிலே உள்ள பெயரும் ஓர் எழுத்து மாறியிருக்கின்றன, முப்பது நாளைக்குள் திருத்தி அனுப்புக. நாங்கள் அதைப் படித்தபோது இருபத்திரண்டு நாள் போய்விட்டது. பத்தாண்டு ஆங்கிலம் படித்த மகன் வீட்டிலே இருக்க, அந்தத் தாயின் முப்பதாண்டு உழைப்பைப் பற்றிய தாள் அரிசிப் பானைக்குப் பின்னாலே கிடந்திருக்கிறது.

அந்தக் கடிதம் ஏன் தமிழிலே வரவில்லை என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான், அந்தப் போராட்டம் தனி, அதை நாம் விடப்போவதில்லை. இன்று நான் கேட்பது வேறு. பையன் மந்தனா? இல்லை, ஆங்கிலத்திலே எண்பதுக்கு மேல் மதிப்பெண் வாங்குகிறவன். அவனுடைய ஆசிரியர் சோம்பேறியா? அதுவுமில்லை, மாலை ஐந்தரை வரை பிள்ளைகளை வைத்துப் படிக்கச் சொல்கிறவர். பின் எங்கே இருக்கிறது கோளாறு?

1968 சனவரி 23ஆம் நாள் நம் சட்டமன்றம் இருமொழித் தீர்மானத்தை நிறைவேற்றியது. தமிழ் நம் மொழி, ஆங்கிலம் உலகத்துக்கு நாம் வைத்த சாளரம் என்று மேடைதோறும் பேசினோம், பேசுகிறோம். சாளரம் வைத்தது சரி. அந்தச் சாளரத்தின் கதவு தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குத் திறக்கிறதா என்று எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? கொள்கையை எதிரியிடமிருந்து காத்தோம். வகுப்பறையை எட்டிப் பார்க்க மறந்தோம். இதை நம்மவர்களிடம் நாமே சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

அயல்மொழி கற்பது எப்படி என்று இந்த ஆற்றங்கரைக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆறு கடலோடு கலக்கும் புன்னைக்காயலைப் பாருங்கள். 1547 வாக்கிலே போர்ச்சுகல் நாட்டிலிருந்து இந்தக் கடற்கரைக்கு வந்தார் அண்டிரிக் அடிகளார். வந்த நோக்கம் மதம். அந்த வழக்கு இங்கே வேண்டாம். கற்ற விதத்தைப் பாருங்கள். அவருக்கு அகராதி இல்லை, பாடநூல் இல்லை, உரைநூல் இல்லை. பரதவர் பேச்சைக் காதாலே கேட்டார், வாயாலே பேசினார், தவறினார், திருத்திக்கொண்டார். பிறகுதான் இலக்கணம் எழுதினார். ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் தமிழ் இலக்கணம் அது. கைப்பிரதி லிசுபன் நகரத்து நூலகத்திலே இருக்கிறது. 1578இல் கொல்லத்திலே அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' அவர் கைவண்ணமே. முதலிலே பேச்சு, பின்னாலே இலக்கணம். இந்த வரிசையை மனத்திலே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றின் மேலே வாருங்கள், பாளையங்கோட்டைக்கு. 1820இல் அங்கே வந்து தங்கிய செருமானியர் இரேனியசு, ஊர் ஊராய்த் திரிந்து மக்களோடு பேசிப் பழகியவர். தமிழ் இலக்கணம் எழுதினார், 'பூமி சாஸ்திரம்' என்று தமிழிலே புவியியல் நூலும் எழுதினார். இடையன்குடிக் கால்டுவெல் 1841இல் சென்னையிலிருந்து கால்நடையாகவே இந்தச் சீமைக்கு வந்தார். மக்களையும் அவர்கள் பேச்சையும் அறியத்தான் நடந்தார். பதினைந்து ஆண்டு கழித்து, 1856இல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. சாயர்புரத்திலே இருந்த போப்பையர், பின்னாலே வருகிறவர்களுக்காகப் படிப்படியாக ஏறும் தமிழ்க் கைநூலே எழுதினார்.

வெள்ளைக்காரர் கதையே பேசுகிறாயே என்கிறீர்களா? நம்மவர் கதைக்கு வருகிறேன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனானே பதினான்கு வயதுப் பையன், அவனுக்குச் சிங்களம் சொல்லித்தந்த பள்ளி எது? எடைக்கல்லும் கல்லாப்பெட்டியுமே பள்ளி. தாராவிக்குப் பிழைக்கப் போன நம் உறவினர் மராத்தியும் இந்தியும் பேசுகிறார்களே, எந்த அரசாணை அவர்களைப் பேச வைத்தது? தேவை வந்தது, காது திறந்தது, வாய் துணிந்தது. மூன்றாவது மொழியைப் பள்ளியிலே திணித்தால்தான் பிள்ளைகள் உருப்படுவார்கள் என்று உபதேசிக்கும் பெரியவர்கள், தாராவியிலே ஒரு தேநீர்க் கடையிலே அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரட்டும்.

இன்னொன்று. பாரதி இளமையிலே நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியிலே படித்தவர். அந்த ஆங்கிலப் படிப்பைப் பற்றித் தம் வரலாற்றுப் பாட்டிலே கசந்து பாடியிருக்கிறார். அதைக் காட்டி, பாரதிக்கு ஆங்கிலமே பிடிக்காது என்று சொல்லித் திரிவோர் உண்டு. பிடிக்காதவரா 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார்? ஆங்கிலக் கவிஞனுக்குத் தாசன் என்று தம்மையே சொல்லிக்கொண்டவர் அவர். கசந்தது மொழியா? கற்பித்த விதம் கசந்தது. சொந்த மண்ணின் புலவனையும் வரலாற்றையும் மறைத்துவிட்டுச் சொல்லித்தந்த படிப்பு கசந்தது. யாழ்ப்பாணத்துத் தனிநாயகம் அடிகளைக் கேட்டிருந்தால் மறுபக்கத்தைச் சொல்லியிருப்பார். ஐரோப்பிய மொழிகள் பல அறிந்த அவர், தமிழ் இலக்கியத்தை ஆழ்ந்து கற்றது 1940 முதல் 1945 வரை வடக்கன்குளம் பள்ளியிலே ஆசிரியராக இருந்தபோதுதான்.

இனி நம் வகுப்பறைக்கு வாருங்கள். ஆசிரியர் பாடத்தை ஒரு வரி படிக்கிறார், தமிழிலே பொருள் சொல்கிறார், பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். கேள்விக்கு விடை கரும்பலகையிலே. அதை ஏட்டிலே எழுது, பத்து முறை எழுது, தேர்விலே இறக்கு. கடைவீதியிலே உரைநூல் விற்கிறது. அதிலே கட்டுரை உண்டு, கடிதம் உண்டு, விடுமுறை விண்ணப்பம் உண்டு. விண்ணப்பத்திலே எப்போதும் காய்ச்சல்தான்! எனக்கும் ஒருவர் இப்படித்தான் கற்பித்தார். பள்ளியின் பெயர் வேண்டாம். ஆண்டு முழுதும் எனக்குக் காய்ச்சல் என்று அழகான ஆங்கிலத்திலே எழுதிப் பழகினேன். உண்மையாகவே கால் முறிந்தபோது தமிழிலேதான் எழுதிக் கொடுத்தேன்.

இது நமக்குத் தெரியாத நோய் அல்ல, மருந்தும் புதிதல்ல. 1960ஐ ஒட்டிய ஆண்டுகளிலே இதே சென்னை மாநிலத்திலே, தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் 27,000 பேருக்கு ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி தரும் பெரு முயற்சி நடந்தது. ஆங்கிலக் கல்வி ஏடு ஒன்று 1962இல் அதற்குச் 'சென்னைப் பனிப்பந்து' என்று பெயர் சூட்டி எழுதியது. சிலருக்குப் பயிற்சி, அவர்கள் பலருக்குப் பயிற்சி, அந்தப் பலர் இன்னும் பலருக்கு. உருள உருளப் பெருகுமாம் பந்து. முறை என்ன? பொருளைக் கையிலே எடு, சொல். கதவைத் திற, திறக்கும்போதே 'ஐ ஆம் ஓப்பனிங் த டோர்' என்று சொல். பிள்ளை செய்யட்டும், சொல்லட்டும். ஒரு வாக்கிய அமைப்பு வாயிலே படிந்த பிறகு அடுத்தது.

நல்ல முறைதான். ஆனால் பனிப்பந்து நம் வெயிலிலே அல்லவா உருண்டது! கைமாறக் கைமாற, சாரம் கரைந்து சடங்கு நின்றது. கதவு மூடியே இருக்கும். நாற்பது பிள்ளைகள் கைகட்டி நின்று கதவைத் திறப்பதாகக் கூவுவார்கள். பயிற்சி ஒருமுறை தந்தால் போதும் என்று நினைத்ததன் பலன் அது. ஆசிரியருக்கு ஆண்டுதோறும் துணை வேண்டும். பக்கத்துப் பள்ளி ஆசிரியரோடு உட்கார்ந்து பேச நேரம் வேண்டும். கணக்கெடுப்பு, பட்டியல், பதிவேற்றம் என்று அவர் தலையிலே சுமத்தும் வேலைகளை இறக்கிவைக்கவேண்டும்.

சடங்கைக் கண்டு சலித்தவர்களிலே ஒருவர் என். எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் வேறு சில இடங்களிலும் சாதாரணப் பள்ளிகள் சிலவற்றிலே வேறு விதமாகச் சோதித்துப் பார்த்தார். இலக்கணத்தை முன்னே வைக்கவில்லை. பிள்ளைகள் முன்னாலே ஒரு வேலையை வைத்தார். இரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் போன்றவை. எந்த வண்டியிலே போனால் எத்தனை மணிக்குச் சேரலாம், கண்டுபிடி! பிள்ளை கணக்கிலே மூழ்குகிறது. மொழி தானாக உள்ளே இறங்குகிறது. இதற்குப் பெரிய செலவு உண்டா? திருநெல்வேலி–திருச்செந்தூர் வண்டி அட்டவணை ஒன்று போதும். செய்துங்கநல்லூர், திருவைகுண்டம், நாசரேத், ஆறுமுகநேரி என்று பிள்ளைக்குத் தெரிந்த ஊர்கள். 'எந்த வண்டியிலே போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் அத்தை வீட்டுக்குப் போகலாம்?' என்பதை ஆங்கிலத்திலே கேட்டுப் பாருங்கள், வகுப்பு விழித்துக்கொள்ளும்.

விடை தெரிந்த கேள்வியையே கேட்டுக்கொண்டிருப்பதுதான் நம் வகுப்பறையின் பெரிய குறை. புத்தகத்தைத் தூக்கிக் காட்டி 'வாட் இஸ் திஸ்?' என்றால் பிள்ளை ஏன் பேசவேண்டும்? ஆசிரியருக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். 'உன் அம்மா நேற்று எத்தனை கட்டு பீடி சுற்றினார்?' என்று ஆங்கிலத்திலே கேளுங்கள். ஆசிரியருக்கு விடை தெரியாது, பிள்ளைக்குத்தான் தெரியும். பத்தமடையிலே கோரைப்பாய் பின்னுகிற வீட்டுப் பிள்ளைக்குப் பாயைப் பற்றிச் சொல்ல ஆயிரம் உண்டு. அதைச் சொல்ல நாலு ஆங்கிலச் சொல் கொடுத்தால் மறக்குமா?

தமிழை வகுப்புக்கு வெளியே நிறுத்தினால்தான் ஆங்கிலம் வரும் என்பது இன்னொரு மூடநம்பிக்கை. கட்டணப் பள்ளிகள் தமிழ் பேசினால் தண்டம் போடுவது இந்த நம்பிக்கையிலேதான். மூன்று பிள்ளைகளை வரிசையாக நிறுத்துங்கள். ஒருவன் 'நான்', ஒருவன் 'சோறு', ஒருவன் 'தின்றேன்'. இப்போது ஆங்கிலத்துக்குப் போகிறோம், இடம் மாறுங்கள்! தின்றேன் நடுவிலே வந்து நிற்கிறான், சோறு கடைசிக்குப் போகிறான். அரைமணி இலக்கண விளக்கத்தை அரை நிமிடத்திலே கால்கள் கற்றுக்கொள்ளும். 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்தும் மூன்றாம் எழுத்தும் ஒரே பகரந்தான், ஒலி இரண்டு. ஆங்கிலத்தின் பி என்ற ஒலி உன் வாயிலே முன்பே இருக்கிறது என்று பிள்ளைக்குக் காட்டத் தமிழைவிட நல்ல கருவி ஏது? சொல் எத்தனை வேண்டும் என்ற அச்சமும் வேண்டாம். வங்காளத்துப் பள்ளிகளிலே பாடுபட்ட மைக்கேல் வெஸ்ட் 1953இல் ஏறத்தாழ 2,000 சொல் கொண்ட பட்டியல் வெளியிட்டார். சாதாரண ஆங்கில எழுத்திலே ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது சொல் அந்த இரண்டாயிரத்துக்குள் அடங்கும்.

தோழர்கள் என்ன செய்யலாம்? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவிலே முக்கால் பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அதாவது பீடி சுற்றும் தாயும் ஆலைத் தொழிலாளியும். குழுக் கூட்டம் நடக்கும்போது டீ குடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். ஐந்தாம் வகுப்பு வரை முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், எட்டு வரை முப்பத்தைந்துக்கு ஒருவர் என்கிறது சட்டம், எண்ணிப் பாருங்கள். எங்கள் பிள்ளைகள் வகுப்பிலே ஆங்கிலம் பேசுவது எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றாமல், தோழமையோடு கேளுங்கள். அவருக்கு வேண்டியது என்ன என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

எங்கள் படிப்பகத்திலே வெள்ளிக்கிழமை மாலைகளை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வருகிறார். பாடநூல் தொடுவதில்லை. மருந்துப் பெட்டியின் மேலே உள்ள எழுத்து, வங்கிச் சீட்டு, மின் கட்டண அறிவிப்பு, ஊராருக்கு வந்த கடிதங்கள், இவைதாம் பாடம். முதலிலே வாய்விட்டுப் படிக்கவே கூடாது என்பது அவர் விதி. என்ன சொல்கிறது என்று சொன்ன பிறகுதான் படிக்கலாம்.

அந்தப் பையனும் வருகிறான். தாயாரின் கடிதத்துக்கு அவனே விடை எழுதினான். ஏழு வரி, இரண்டு பிழை, ஆசிரியர் ஒன்றைத் திருத்தினார், மற்றதைப் பொருள் விளங்குகிறது என்று விட்டுவிட்டார். இருபத்தெட்டாம் நாள் விரைவுத் தபாலிலே சேர்த்தோம். பதில் இன்னும் வரவில்லை. வந்தால் அவனே படித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான்.