காத்தாடி நிற்கும் இடம்

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழியில் நிம்மதியாக டீ குடிக்க முடியாது. கிளாசை உள்ளங்கையால் மூடிப் பிடிக்காவிட்டால் காற்று புழுதியை அள்ளிப் போட்டுவிடும். அப்படி மூடிப் பிடித்தபடிதான், பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாழைத்தோட்டக்கார அண்ணாச்சி கேட்டார்: “தம்பி, இந்தக் காத்தாடியெல்லாம் மேகத்தை விரட்டிப்போடுதுன்னு சொல்லுதாங்களே, நெசமா?”

நிஜமில்லை, அண்ணாச்சி. தென்மேற்குப் பருவ மேகம் மலைக்கு அந்தப் பக்கமே பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மிச்சக் காற்று கணவாய் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு இங்கே வருகிறது. அதனால்தான் உங்கள் ஊரில் மழை குறைவு, காற்று அதிகம். இங்குள்ள பழைய காத்தாடிகளின் இறக்கை நுனி பெரும்பாலும் 70 மீட்டரைத் தாண்டாது. மழை மேகம் அதற்கு வெகு உயரத்தில் போகிறது.

ஆனால் உங்கள் பயத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. காத்தாடி மழையைத் தடுக்காது. காத்தாடிக்குப் போட்ட ரோடு, பெய்த மழையைக் குளத்துக்குப் போகவிடாமல் தடுக்கலாம். ஓடைக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டி மேடாக்கி, குழாய் பதிக்காமல் விட்டால் கீழே இருக்கிற குளம் காய்ந்துபோகும்.

“அப்படின்னா காத்தாடியே வேண்டாம்னு சொல்லிரலாமே?”

கடைக்காரரின் அடுப்பைப் பாருங்கள். அந்த சிலிண்டரில் உள்ள கேஸில் நம் நாடு பாதிக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. வளைகுடாவிலிருந்து வருவதே அதிகம். கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. வளைகுடாவில் சண்டை வந்தால் இங்கே டீ விலை ஏறும். கரண்டுக்கு எரிக்கிற நிலக்கரி நம் நாட்டிலேயே இருக்கிறது என்றாலும், ஒடிசாவின் தால்ச்சேரில் வெட்டி, ரயிலில் பாராதீப் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், கப்பலேற்றித்தான் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் கொண்டுவருகிறார்கள். எரித்த சாம்பல் என்ன செய்யும் என்று எண்ணூர்க் கழிமுகத்து மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இந்தக் காற்றுக்குக் கப்பலும் வேண்டாம், டாலரும் வேண்டாம். இதை வேண்டாம் என்று சொல்ல நமக்கு வசதி இல்லை. எங்கே நடுவது, எப்படி நடுவது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

எங்கே என்பதற்கு விடை கண்ணெதிரே நிற்கிறது. தமிழ்நாட்டில் காற்றாலை 1986இல் தூத்துக்குடிப் பக்கம் தொடங்கியது. தொண்ணூறுகளில் இங்கே பக்கத்து முப்பந்தல் முழுக்கக் காத்தாடிகளால் நிரம்பியது. முதலில் வந்தவர்கள் நல்ல காற்றுள்ள இடத்தைப் பிடித்தார்கள். ஆனால் அவர்களுக்கு அன்று கிடைத்தது 225, 250 கிலோவாட் சின்ன இயந்திரம். ஆக, நம்மிடம் உள்ள அருமையான காற்று, கிழட்டு இயந்திரங்களின் கையில் இருக்கிறது.

வித்தியாசத்தைத் தோசைக் கணக்கில் சொல்கிறேன். தோசையை இரண்டு மடங்கு அகலமாக ஊற்றினால் மாவு நான்கு மடங்கு வேண்டும். இறக்கைக்கும் அதே கணக்கு. பழசு சுற்றுகிற வட்டம் குறுக்காக 30 மீட்டர், புதுசு 120 மீட்டர் என்றால், அகலம் நான்கு மடங்கு, அது வாங்குகிற காற்று 16 மடங்கு. உயரம் கூடக் கூடக் காற்றின் வேகமும் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். எட்டுப் பழைய காத்தாடிகளை இறக்கிவிட்டு 2 மெகாவாட் காத்தாடி ஒன்றை நட்டால் போதும். கரண்டு முன்பைவிடக் கூடுதலாகவே வரும். புதுக் காடு, புது மேய்ச்சல் நிலம் எதிலும் கை வைக்க வேண்டியதில்லை. 2024இல் தமிழக அரசு இதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது.

சிக்கலும் உண்டு. பழைய காத்தாடிகளில் பல, கோவை, திருப்பூர்ப் பக்கத்து மில்காரர்களுடையவை. பக்கத்துப் பக்கத்துக் காத்தாடிக்கு வேறு வேறு சொந்தக்காரர்கள். பெரிய இயந்திரத்துக்கு இடைவெளி அதிகம் வேண்டும் என்பதால், நாலைந்து பேர் கூட்டுச் சேர்ந்தால்தான் காரியம் நடக்கும். கழற்றிய இறக்கை கண்ணாடி இழையால் ஆனது, மக்காது. அதை யார், எங்கே கொண்டுபோவது என்று முதலிலேயே எழுதி வாங்க வேண்டும்.

அண்ணாச்சி விடவில்லை. “ஐப்பசியில காத்து நின்னுபோச்சுன்னா?”

நல்ல கேள்வி. மே முதல் செப்டம்பர் வரைதான் இங்கே காற்றுக்குச் சீசன். இன்று அடிக்கிற காற்றை ஐப்பசிக்கு மூட்டை கட்டி வைக்க முடியாது. அதற்கு வெயிலும் வேண்டும், அணையும் வேண்டும், அனல் மின் நிலையமும் இன்னும் சில காலம் வேண்டும். ஆனால் ஒரு ராத்திரிக்கு வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆனைமலையில் காடம்பாறை என்று 400 மெகாவாட் நிலையம், 1980களிலிருந்தே இருக்கிறது. கரண்டு மிஞ்சும்போது கீழணைத் தண்ணீரை மேலணைக்கு ஏற்றுவார்கள். சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போடும்போது அதே தண்ணீரைத் திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பார்கள். ஏற்றும்போது கொஞ்சம் நஷ்டம்தான். காத்தாடியைச் சும்மா நிறுத்திவைக்கிற நஷ்டத்தைவிடக் குறைவு.

அண்ணாச்சி கிளாசைக் கீழே வைத்தார். “எங்க தோட்டத்துப் பக்கம் புதுசா நாலு நடணும்னு அளந்துட்டுப் போயிருக்கான், தம்பி.”

அப்படியானால் கிராம சபையில் மூன்று கேள்வி கேளுங்கள். பக்கத்தில் ஓய்ந்து நிற்கிற பழசை ஏன் மாற்றவில்லை? ரோடு எந்த ஓடையைக் கடக்கிறது, எத்தனை குழாய் பதிப்பீர்கள்? இருபது வருஷம் கழித்து இறக்கையை யார் எடுத்துப்போவார்?

அவர் விரல் மடக்கி அந்த மூன்றையும் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். பிறகு, “குழாய்க் கேள்வியை முதல்ல கேக்கேன்” என்றார். “குளம் எங்களுக்கு இப்பவே வேணும்.”