தக்காணப் பாறையும் இத்தாலியச் சேறும்

அஜந்தா, எல்லோரா, மும்பைக்கு எதிரே கடலுக்குள் இருக்கும் எலிபண்டா. மூன்று இடங்களிலும் சிற்பிகளின் உளிக்குக் கிடைத்தது ஒரே வகைக் கல்தான்: தக்காண பசால்ட். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலப் பிளவுகளில் பீறிட்டு, அடுக்கின் மேல் அடுக்காகப் பரவி இறுகிய எரிமலைக் குழம்பு. மகாராஷ்டிரத்தை நடுவாகக் கொண்டு ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டரை அது இன்றும் மூடிக் கிடக்கிறது. மகாபலேஸ்வரம் மலைப்பாதையில் போகிறவர்கள் அந்த அடுக்குகளைச் சரிவுகளில் கண்ணாலேயே பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாதது, அந்தக் கறுப்புக் கல்லுக்குள் இருக்கும் மேக்னடைட் துகள்கள். இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த இந்தக் கனிமம் ஒரு காந்தம். ஆனால் மகாபலேஸ்வரத்துக் கல்லில் அது காட்டும் திசை வடக்கு அல்ல.

குழம்பு பூமியிலிருந்து வெளிவரும்போது ஆயிரம் பாகை செல்சியஸுக்கு மேல் கொதிக்கும். அந்தச் சூட்டில் எந்தக் காந்தமும் தங்காது. தூய மேக்னடைட் 580 பாகைக்குக் கீழே வந்தால்தான் காந்தத்தைப் பிடித்துக்கொள்ளும். டைட்டானியம் கலந்திருந்தால் இன்னும் ஆற வேண்டும். அப்படி ஆறும் வேளையில் அந்த இடத்தில் புவியின் காந்தப்புலம் எந்தத் திசையில் இருக்கிறதோ, அதுவே துகள்களில் பதிந்துபோகும். பிறகு அந்தக் கண்டமே இடம்பெயர்ந்தாலும் பதிவு கல்லோடு சேர்ந்து பயணம் போகும். அதை அழிக்க மறுபடியும் கடும் சூடு வேண்டும், அல்லது மின்னல் விழ வேண்டும். மலை உச்சிப் பாறைகளை ஆய்வாளர்கள் சந்தேகத்தோடு பார்ப்பது மின்னலால்தான்.

பதிவில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, ஊசி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது. மற்றொன்று, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. தடையில்லாமல் தொங்கும் காந்த ஊசி நிலநடுக்கோட்டில் படுத்திருக்கும். துருவத்தை நெருங்க நெருங்கச் சாயும். காந்தத் துருவத்தில் செங்குத்தாக நிற்கும். ஆகவே கல்லில் உள்ள சாய்வை அளந்தால், அது உறைந்த இடத்தின் அட்சரேகை கிடைத்துவிடும். மாதிரி எடுக்கும் விதத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. பாறையில் தண்ணீர் விட்டுக்கொண்டே இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுள்ள கல்லுருளையைத் துளைத்தெடுப்பார்கள். அது எந்தத் திசையைப் பார்த்து நின்றது என்று குறிக்கக் காந்தத் திசைகாட்டியை முழுதாக நம்ப முடியாது, பசால்ட்டின் காந்தமே அதை ஏமாற்றிவிடும். எனவே சூரிய நிழலையும் கடிகாரத்தையும் வைத்துக் கணக்கிடுவார்கள்.

இவ்வளவு மெல்லிய காந்தத்தை அளக்கும் கருவி ஒரு தோல்வியிலிருந்து வந்தது. 1948-இல் நோபல் பரிசு பெற்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர் பேட்ரிக் பிளாக்கெட், சுழலும் எந்தப் பெரும் பொருளும் சுழற்சியாலேயே காந்தமாகும் என்று நினைத்தார். சோதித்துப் பார்க்க இங்கிலாந்து வங்கியிடமிருந்து 15 கிலோவுக்கு மேல் தூய தங்கத்தை இரவல் வாங்கி, மிக நுட்பமான காந்தமானி ஒன்றைச் செய்தார். தங்கம் காந்தமாகவில்லை. கொள்கை விழுந்தது, தங்கம் வங்கிக்குத் திரும்பியது, காந்தமானி மிஞ்சியது. அந்தக் கருவி பாறைகளின் பக்கம் திரும்பியது. அறிவியலில் இவ்வளவு லாபம் தந்த தோல்விகள் குறைவு.

அவருடைய குழுவைச் சேர்ந்த கிளெக், டாய்ட்ச், கிரிஃபித்ஸ் மூவரும் தக்காணப் பாறைகளை அளந்து 1956-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கீழ் அடுக்குகளின் ஊசி தென்கிழக்கே திரும்பிக் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. மேல் அடுக்குகளில் அப்படியே தலைகீழ்: வடமேற்கே திரும்பி மேல்நோக்கி நின்றது. சாய்வின் அளவு, இந்தியா அப்போது நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 30 பாகையில் இருந்தது என்றது. அதாவது இந்த நிலம் 5,000 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே வந்திருக்கிறது, வரும் வழியில் இடஞ்சுழியாகக் கொஞ்சம் திரும்பியும் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் மாணவர் எட்வர்ட் இர்விங், இதற்கு முன்பே தக்காணக் கற்களை அளந்து இதே திசையில் யோசித்திருந்தார். 1954-இல் அவருடைய ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. கண்டங்கள் நகரும் என்று சொல்வது அன்றைய புவியியலாளர்கள் பலருக்குக் கதையாகவே பட்டது.

மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் ஏன் எதிரெதிராக நிற்கின்றன? பூமியின் காந்தப்புலம் அவ்வப்போது புரண்டு, வடமுனை தென்முனையாகிவிடுவதால்தான். பிரான்சின் பெர்னார் புரூன் 1906-இலேயே அப்படிப் புரண்ட பாறையைக் கண்டார். ஜப்பானின் மொத்தோனோரி மத்துயாமா 1929-இல் அதற்குக் காலக்கணக்குத் தர முயன்றார். கடைசிப் புரட்டல் நடந்து சுமார் 7.7 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. கடல் தரையில் புதிய பசால்ட் பிறக்கும் நடுக்கடல் முகடுகளின் இருபுறமும் நேர், எதிர் என்று மாறி மாறிக் காந்தப் பட்டைகள் ஓடுகின்றன. ஃபிரெட் வைன், டிரம்மண்ட் மேத்யூஸ் இருவரும் 1963-இல் இதற்குத் தந்த விளக்கத்துக்கு அடித்தளம், இந்துமாக்கடலின் கார்ல்ஸ்பர்க் முகட்டின் மேல் ஒரு கப்பல் எடுத்த அளவீடுகள். பின்னாளில் முகட்டிலிருந்து வெளிநோக்கிப் பட்டைகளுக்கு எண் கொடுக்கப்பட்டது. 29-ஆம் எண்ணை ஒட்டிய தலைகீழ்க் காலத்தை ‘29ஆர்’ என்கிறார்கள். அதன் நீளம் சுமார் 6 முதல் 7 லட்சம் ஆண்டுகள்.

இனி சேற்றுக்கு வருவோம். ஆழ்கடலில் தூசும் நுண்ணுயிர் ஓடுகளும் ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரோ சென்டிமீட்டரோதான் படியும். அதோடு இறங்கும் காந்தத் துகள்கள் அன்றைய புலத்தின் பக்கம் திரும்பிப் படிந்து, மேலே சேறு ஏற ஏற அப்படியே இறுகிவிடும். சில துகள்கள் கீழே விழுந்தவைகூட அல்ல. சேற்றிலேயே வாழும் பாக்டீரியாக்கள் தம் உடலுக்குள் மேக்னடைட் மணிகளைச் சங்கிலியாகக் கோத்து வளர்க்கின்றன. இதை ரிச்சர்ட் பிளேக்மோர் 1975-இல் அறிவித்தார். லாவா சில கணங்களை மட்டும் பதியும். அடுத்த வெடிப்பு வரை பதிவு இல்லை. சேற்றில் அந்த இடைவெளி குறைவு. ஆனால் அதன் பதிவு எரிமலைப் பாறையைவிடப் பல மடங்கு மங்கல். மேலே அழுத்தம் ஏறும்போது ஊசியின் சாய்வும் சற்று படுத்துவிடும்.

இத்தாலியின் குப்பியோ நகருக்கு வெளியே, மலைச் சாலையோரத்தில் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புக்கல் அடுக்குகள் தெரிகின்றன. ஒரு காலத்தில் ஆழ்கடல் சேறு, இன்று மலை. சிவப்புக்குக் காரணம் ஹேமடைட், அதுவும் இரும்புக் கனிமம்தான். 1970-களில் வால்டர் ஆல்வரெஸும் வில்லியம் லோரியும் இங்கே காந்தப் புரட்டல்களை அடுக்கடுக்காகக் குறித்துக்கொண்டிருந்தார்கள். 29ஆர் அடுக்கின் நடுவே ஒரு சென்டிமீட்டர் களிமண் குறுக்கிட்டது. அதற்குக் கீழே டைனோசர் காலத்துக் கடல் நுண்ணுயிர்கள். மேலே அவற்றில் பெரும்பாலானவை இல்லை. அந்தக் களிமண் படிய எவ்வளவு காலமானது என்று அறிய வால்டரின் தந்தை லூயிஸ் ஆல்வரெஸ், விண்தூசியோடு வந்து படியும் இரிடியத்தை அளக்கச் சொன்னார். வந்த அளவு கற்பனைக்கு மீறியதாக இருந்தது. விண்கல் மோதித்தான் டைனோசர்கள் அழிந்தன என்று 1980-இல் வெளியான கொள்கை அங்கிருந்து பிறந்தது. காந்தத்தைத் தேடிப் போகாமல் இருந்திருந்தால் அந்த மெல்லிய களிமண்ணை யார் கவனித்திருப்பார்கள்?

தக்காணத்தின் வயது மட்டும் அப்போதும் தெளிவில்லாமல் இருந்தது. பொட்டாசியம்-ஆர்கான் முறையில் வந்த எண்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குச் சிதறிக் கிடந்தன. 1980-களில் பாரிஸைச் சேர்ந்த வின்சென்ட் கூர்த்தியோ குழு இங்கே மாதிரிகள் எடுத்தது. குழம்பு பல கோடி ஆண்டுகள் கொட்டியிருந்தால் அடுக்குகளில் ஏராளமான புரட்டல்கள் இருக்க வேண்டும். கிடைத்ததோ மூன்றே பகுதிகள்: அடியில் கொஞ்சம் நேர், நடுவில் மிகப் பெரும்பகுதி தலைகீழ், உச்சியில் மீண்டும் நேர். அந்தத் தலைகீழ் 29ஆர்தான் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அப்படியானால் கிலோமீட்டர் கணக்கில் தடித்த பாறை புவியியல் கணக்கில் ஒரு நொடிக்குள் கொட்டியிருக்கிறது, அதுவும் குப்பியோவின் களிமண் படிந்த அதே பருவத்தில். டைனோசர்களைக் கொன்றது விண்கல்லா, தக்காணமா என்ற சண்டைக்கு இங்கே நெருப்பு வைக்கப்பட்டது. பின்னாளில் சிர்கான் படிகங்களின் யுரேனியம்-ஈயக் காலக்கணிப்பும் காந்தம் சொன்னதை ஒத்துக்கொண்டது: முக்கிய வெடிப்புகள் பேரழிவுக்குச் சுமார் 2.5 லட்சம் ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டன. எவ்வளவு குழம்பு அதற்கு முன், எவ்வளவு பின் என்பதில்தான் இன்னும் இழுபறி.

இந்த வழக்கில் எரிமலைப் பாறையும் கடல் சேறும் ஒரே இடத்தில் அகப்படுவது ஆந்திராவில், கோதாவரிக் கரையில் உள்ள ராஜமகேந்திரவரம் பகுதிக் கல்குவாரிகளில். மேற்கிலிருந்து கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர் ஓடிவந்த குழம்பு அங்கே இரண்டு அடுக்குகளாகக் கிடக்கிறது. கீழே இருப்பது 29ஆர் காலத்துத் தலைகீழ்க் காந்தம், மேலே இருப்பது அதற்கடுத்த நேர்க் காந்தம். இரண்டுக்கும் இடையில் கடற்கரையோரப் படிவு ஒன்று சிக்கியிருக்கிறது. அதில் உள்ள நுண்ணுயிர் ஓடுகள், பேரழிவுக்குப் பிறகு கடலில் முதலில் தலைகாட்டிய இனங்களைச் சேர்ந்தவை. கீழ் அடுக்கு ஓடி நின்றபோது பேரழிவு நடந்து முடிந்ததா, நடந்துகொண்டிருந்ததா என்று அந்தச் சில மீட்டர் படிவைச் சலித்துத்தான் ஆய்வாளர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.