ஆட்டிசம் உள்ள குழந்தையின் தலையை அளந்து பாருங்கள்

ஆட்டிசம் ஒருபோதும் புற்றுநோயாக மாறுவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், மரபணு, புற்றுநோய் என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து கண்ணில் பட்டாலே பெற்றோர் கலங்கிப்போகிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இங்கே சொல்லப்போகும் மரபணு மாற்றங்கள் இருப்பதில்லை. ஆனால் ஒரு சிறு பகுதியினருக்கு உண்டு. அவர்களை அடையாளம் காண முதலில் தேவைப்படுவது ஓர் அளவு நாடாதான்.

பி-டென் என்னும் கடிவாளம்

பத்தாவது குரோமோசோமில் இருக்கும் பி-டென் மரபணு 1997இல் கண்டறியப்பட்டது. மூளை, மார்பகம், புராஸ்டேட் புற்றுக்கட்டிகளில் சிதைந்து கிடக்கும் மரபணுவாகத்தான் அது முதலில் அறிமுகமானது. செல் எவ்வளவு வளரலாம், எப்போது பிரியலாம் என்பதற்கு அது ஒரு கடிவாளம். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என நம் எல்லோரிடமும் அதன் இரண்டு பிரதிகள் உண்டு.

ஒரு பிரதி பிறவியிலேயே பழுதாக இருந்தால், மூளை வளரும் காலத்தில் கட்டுப்பாடு போதாமல் போகிறது. நரம்புச் செல்கள் பெருகுகின்றன. அவற்றுக்கிடையே இணைப்புகள் அளவு மீறுகின்றன. தலை பெரிதாகிறது, சிலருக்கு ஆட்டிசமும் வருகிறது. பல ஆண்டுகள் கழித்து, தைராய்டிலோ மார்பகத்திலோ ஏதோ ஒரு செல் தன்னிடம் மிஞ்சியிருக்கும் நல்ல பிரதியையும் இழக்கலாம். கட்டி பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஆட்டிசத்தோடு மிகப் பெரிய தலையும் உள்ள 18 பேரை ஆராய்ந்து, 2005இல் ஓர் அமெரிக்க ஆய்வுக்குழு முடிவை வெளியிட்டது. புற்றுநோய் மரபியல் அறிஞர் சாரிஸ் எங் அக்குழுவில் இருந்தார். அந்த 18 பேரில் 3 பேருக்கு பி-டென் மாற்றம் இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அதற்குப் பிறகுதான், ஆட்டிசமும் பெரிய தலையும் சேர்ந்திருந்தால் பி-டென் சோதனை செய்யலாம் என்ற வழக்கம் மருத்துவத்தில் உறுதிப்பட்டது.

‘அப்பாவைப் போலவே பெரிய தலை’

தலை பெரிதாக இருக்கிறதே என்று மருத்துவர் கேட்டால், குடும்பத்திலேயே அப்படித்தான் என்று சொல்லிக் கடந்துபோவது நம் வழக்கம். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் பெற்றோரில் ஒருவரிடம் பி-டென் மாற்றம் இருந்தால் அது பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு இருப்பதால், அந்தப் பதிலே மேலும் விசாரிப்பதற்கு ஒரு காரணம் ஆகிறது. அம்மாவுக்கோ அத்தைக்கோ தைராய்டில் கட்டி, மார்பகப் புற்றுநோய், கருப்பை உட்சவ்வில் புற்றுநோய் ஏதேனும் வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். முகத்திலும் ஈறிலும் சிறுசிறு பருக்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.

இந்த மாற்றம் உள்ள பெண்களுக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 85 சதவீதம்வரை இருக்கலாம் என்று ஓர் ஆய்வு கணித்தது. அதனால் குழந்தைக்காகச் செய்யும் சோதனை தாயின் உயிரையும் காக்கக்கூடும். தாயிடமும் அந்த மாற்றம் இருந்தால், 30 வயதை ஒட்டியே மேமோகிராம், எம்.ஆர்.ஐ. என்று ஆண்டுதோறும் கண்காணிப்பைத் தொடங்கலாம். குழந்தைக்கு 7 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை தைராய்டு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள்.

தேமல் அல்லாத வெள்ளைத் திட்டுகள்

டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்பது ஏறத்தாழ 6,000 குழந்தைகளில் ஒருவருக்கு வரும் இன்னொரு மரபணு நோய். அவர்களில் பாதிப் பேருக்குவரை ஆட்டிசம் காணப்படுகிறது. மூளையிலும் சிறுநீரகத்திலும் கட்டிகள் வரும். பெரும்பாலும் அவை புற்றல்ல. பிறந்த சில மாதங்களிலேயே தோலில் இலை வடிவத்தில் வெளிறிய திட்டுகள் தெரியலாம். அவற்றைத் தேமல் என்று நினைத்துக் களிம்பு பூசிக்கொண்டிருந்தால் காலம் வீணாகும். திட்டுகளோடு வலிப்பும் இருந்தால் உடனே நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இந்நோய்க்குத் தரப்படும் எவரோலிமஸ், 2009இல் அமெரிக்காவில் சிறுநீரகப் புற்றுநோய்க்காக அனுமதி பெற்ற மருந்து. மறுஆண்டே டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் மூளைக்கட்டிக்கும், 2018இல் அதன் வலிப்புக்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் இந்தக் குழந்தைகளின் ஆட்டிசத் தன்மைகளை அது மாற்றும் என்று சோதனைகளில் நிரூபணமாகவில்லை. புற்றுநோய் மருந்தால் ஆட்டிசத்தைக் குணப்படுத்தலாம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எண்கள் சொல்வது

அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் தங்கள் மருத்துவமனைப் பதிவுகளைப் பார்த்தபோது, ஆட்டிசம் உள்ளவர்களில் 1.3 சதவீதத்தினருக்கே புற்றுநோய் இருந்தது. ஒப்பீட்டுக் குழுவில் 3.9 சதவீதம். சுவீடனில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளைக் கொண்ட 2022 ஆய்வில், இளவயதுப் புற்றுநோய் சற்றே கூடுதலாகத் தெரிந்தது. அந்தக் கூடுதலும் பெரும்பாலும் பிறவிக் குறைபாடோ அறிவுத்திறன் குறைபாடோ சேர்ந்தவர்களிடம்தான். ஆகவே ஆட்டிசம் உள்ள எல்லாப் பிள்ளைகளையும் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைத்துச்செல்லத் தேவையில்லை.

ஸ்கேன் அறைக்குப் போகுமுன்

மரபணுச் சோதனைக்கு முன் ஆலோசகரிடம் குடும்ப வரலாற்றை எழுதிக் கொடுங்கள். முடிவு தெளிவில்லாமலும் வரலாம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தைராய்டு ஸ்கேனில் வலியோ கதிர்வீச்சோ இல்லை. ஆனால் கழுத்தில் தடவும் ஜெல்லின் குளிர்ச்சியும் மங்கலான அறையும் பல குழந்தைகளை மிரட்டிவிடும். முன்கூட்டியே சொல்லிவைத்தால் பல மையங்களில் வெதுவெதுப்பான ஜெல் தருவார்கள். பேச்சு வராத பிள்ளை திடீரெனச் சாப்பிட மறுத்தாலோ, கழுத்தைத் தொடவிடாமல் தட்டிவிட்டாலோ, அதை ஆட்டிசத்தின் குணம் என்று மருத்துவரே சொன்னாலும் ஏற்காமல், உடலைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.