முடக்குவாதம் தோன்றும் விதம்

காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காமல் விறைத்து நிற்பதும், இரு கைகளிலும் மணிக்கட்டும் விரல் மூட்டுகளும் ஒருங்கே வீங்குவதும் முடக்குவாதம் என்னும் மூட்டு நோயின் குறிகளாகும். ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு மிகுதி. நாற்று நடும் பெண்ணிடம் இதனைக் கண்டால், சேற்றுக் குளிர்ச்சி என்று கூறி விட்டுவிடுகிறோம். நோயின் வேர் சேற்றில் இல்லை. அவளுடைய உடலின் காவலிலேயே இருக்கிறது.

ஊருக்குள் கள்ளன் புகுந்தால் ஒருவர் கூவ, அதைக் கேட்டுப் பலரும் ஓடிவருவர் அல்லவா? அதுபோலவே, நோய்க்கிருமி புகுந்ததும் வெள்ளை அணுக்கள் சைட்டோகைன் எனப்படும் நுண்ணிய புரதங்களை வெளியிட்டு மற்ற அணுக்களை அழைக்கின்றன. வீக்கமும் சூடும் வலியும் அதன் விளைவே. கிருமி ஒழிந்தால் கூவலும் அடங்கும். முடக்குவாதத்திலோ, உடல் தன் புரதங்களையே பகையென மயங்குகிறது. கள்ளனே இல்லாததால் கூவல் ஓய்வதில்லை. மூட்டின் உட்சவ்வு தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. இத்தூதுகளுள் இன்டர்லூகின்-6 இரத்தத்தின் வழியே உடலெங்கும் பரவிச் சோர்வும் இரத்தச்சோகையும் உண்டாக்கும்.

இத்தனை தூதுகளுள் எதனைத் தடுப்பது? லண்டனில் மார்க் பெல்ட்மன், லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனி ஆகியோரின் குழுவினர், நோயாளிகளின் மூட்டு அணுக்களைக் கலத்தில் வளர்த்து, டி.என்.எப். என்னும் ஒன்றை மட்டும் தடுத்தனர். இன்டர்லூகின்-1 என்ற மற்றொரு தூதும் உடன் குறைந்தமை 1989-இல் வெளியாயிற்று. 1992-இல் 20 நோயாளிகளுக்கு இம்முறையில் மருந்து செலுத்தியபோது வீக்கம் சில வாரங்களில் வடிந்தது. இவ்வகை மருந்துகள் 1998, 1999 ஆண்டுகளில் அமெரிக்காவில் இந்நோய்க்கு அனுமதி பெற்றன.

எனினும் அந்த டி.என்.எப்.தான் உடலில் உறங்கும் காசநோய்க் கிருமியையும் அடைத்து வைத்திருக்கிறது. அதனைத் தடுத்தவர்கள் சிலரிடம் காசநோய் தலைதூக்கியதை 2001-இல் மருத்துவர்கள் அறிவித்தனர். ஆகவே, காசநோய்ச் சோதனை செய்த பின்னரே இம்மருந்தைத் தொடங்குவர்.

பெரும்பாலோர்க்கு முதலில் தரப்படுவது விலை குறைந்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரையே. இது வாரத்தில் ஒரே நாள் உண்பதற்குரியது. தவறி நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஆபத்து. கருவுற்ற பெண்கள் உண்ணலாகாது. கடையில் தாமே வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை வலியை விரைந்து தணிக்கும். நாள்பட்டால் எலும்பை நலிவிக்கும்.

அரிக்கப்பட்ட எலும்பு மீள்வதில்லை. எனவே, விரல் மூட்டு வீக்கம் ஆறு வாரங்களுக்கு மேல் நீடிப்பவரைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் தாமதமின்றி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.