ஆள்காட்டிக்கு வேண்டியது வெட்டவெளி

கல்வராயன் மலையடிவாரம் தொட்டு சங்கராபுரம் வட்டாரம் வரை கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் விளையும் வயல்களுக்கு நடுவே கரம்பும் கரடும் மேய்ச்சல் புறம்போக்கும் உண்டு. கணக்கில் அவற்றுக்குப் பெயர் தரிசு. சும்மா கிடக்கும் நிலம்தானே, மரமாவது நடலாமே என்று பலரும் நினைக்கிறோம். அந்த நிலம் சும்மா கிடக்கவில்லை என்பதற்கு மஞ்சள்மூக்கு ஆள்காட்டியே சாட்சி. இந்தியத் துணைக்கண்டத்தைத் தவிர வேறெங்கும் இனப்பெருக்கம் செய்யாத இந்தப் பறவை, நாம் ஒன்றுக்கும் உதவாது என்று ஒதுக்கும் வறண்ட வெளியைத்தான் வீடாகத் தேர்ந்துகொள்கிறது.

இது கூடு கட்டுவதில்லை. கோடையில், பெருமழைக்கு முன்பாக, தரையில் சிறு குழி பறித்து, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். மண்நிறத்தில் கரும்புள்ளிகளோடு இருக்கும் முட்டைகள் சரளைக் கற்களோடு கலந்து கண்ணுக்குத் தப்பிவிடும். தாயும் தந்தையும் மாறிமாறி ஏறக்குறைய நான்கு வாரம் அடைகாக்கும். வெயில் கொளுத்தும்போது வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விப்பதும் உண்டு. பொரித்த குஞ்சுகள் சில மணி நேரத்திலேயே நடந்து, தாமே இரை தேடும். எச்சரிக்கைக் குரல் கேட்டதும் அசையாமல் தரையோடு பதுங்கும். ஆள் வந்தால் கத்திக் காட்டிக்கொடுப்பதால்தான் இந்த இனத்துக்கே ஆள்காட்டி என்று பெயர். இத்தனை தற்காப்பும் ஒன்றையே நம்பியிருக்கிறது: எதிரியைத் தொலைவிலேயே பார்க்க வேண்டும். அதற்கு வெட்டவெளி வேண்டும். புதர் மண்டினால் நரியும் கீரியும் மறைந்து வரும். மரம் வளர்ந்தால் காகமும் பருந்தும் அதன்மேல் அமர்ந்து நோட்டமிடும். சீமைக்கருவேலம் பரவும் நிலத்தை இப்பறவை இழப்பதற்கும் காரணம் இதுவே.

மரம் நடுவது நல்ல செயல் அல்லவா என்று கேட்கலாம். நல்ல செயல்தான், உரிய இடத்தில் நட்டால். சாலையோரம், ஏரிக்கரை, பள்ளி வளாகம், காடழிந்த மலைச்சரிவு எல்லாம் மரத்துக்குக் காத்திருக்கின்றன. புல்வெளியும் கரிமத்தைச் சேமிக்கிறது; பெரும்பகுதியை மண்ணுக்கடியில் வைத்திருப்பதால் அது நம் கண்ணில் படுவதில்லை. ஆடுமாடுகளுக்கு மேய்ச்சலும் அங்கேதான். ஆள்காட்டி அழிந்துவரும் பறவைகளின் பட்டியலில் இல்லையே என்பது அடுத்த கேள்வி. உண்மைதான், இன்று இல்லை. ஆனால் தரையில் முட்டையிடும் கானமயிலும் ஒருகாலத்தில் தமிழக வறள்வெளிகளில் உலவியதுதான். வேட்டையாலும் வெளி சுருங்கியதாலும் அது இங்கிருந்து மறைந்தது. இன்று பெரும்பாலும் ராஜஸ்தானில் மட்டும் எஞ்சியிருக்கிறது. எண்ணிக்கை குறைந்த பிறகு காப்பதைவிட இருக்கும்போதே இடத்தை விட்டுவைப்பது எளிது.

உழவர் பிழைப்பு கெடுமே என்ற அச்சமும் வேண்டாம். வண்டும் கறையானும் தின்னும் இப்பறவை பயிருக்குப் பகையல்ல. கோடை உழவின்போது முட்டை கண்ணில் பட்டால் அந்த ஓரடி மண்ணைச் சுற்றி ஏரை ஓட்டுங்கள். ஊராட்சி மரம் நட இடம் தேடும்போது, மேய்ச்சல் வெளியை மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். தரிசு என்ற சொல்லுக்குள் ஒரு குடும்பம் அடைகாத்துக்கொண்டிருக்கிறது.