மறைந்த நூல்களும் மறையாத மேற்கோள்களும்

தாம் கூறும் கருத்துக்கு அரணாக ஓர் ஆசிரியர் பிறர் நூலிலிருந்து எடுத்தாளும் பகுதி மேற்கோள் எனப்படும். அப்பகுதி எந்நூலில் உள்ளது, யாருடைய வாக்கு என்று தெரிவிப்பது சான்று சுட்டல். இதனை மூல ஆசிரியருக்குச் செலுத்தும் நன்றிக்கடனாக மட்டும் கருதுவோர் பலர். ஆனால், ஓலைச்சுவடிக் காலத்துத் தமிழ் உரைமரபை நோக்கினால், இதனால் பெரும்பயன் அடைபவர் பின்வரும் வாசகரே என்பது விளங்கும்.

சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் எதிர்கொண்ட இடர்ப்பாடு இதற்குத் தக்க சான்று. அந்நூலுக்கு உரைகண்ட நச்சினார்க்கினியர் பழஞ்செய்யுள் அடிகளைத் தாராளமாக எடுத்தாள்கிறார். எனினும், பல இடங்களில் பிறரும் இவ்வாறு கூறினர் என்று சொல்லி அமைகிறாரேயன்றி, அப்பிறர் யாவர், அவர்தம் நூல் யாது என்று உரைப்பதில்லை. அவர் காலத்து மாணாக்கர்க்கு அந்நூல்கள் மனப்பாடமாக இருந்திருக்கலாம். ஆதலின், பெயர் சொல்வது மிகை என்று அவர் கருதியிருக்கவும் கூடும். அந்நூல்கள் பயிற்சியிலிருந்து நீங்கிவிட்ட 19-ஆம் நூற்றாண்டிலோ, அவ்வடிகள் ஊரும் பேரும் தெரியாதனவாய் நின்றன. பத்துப்பாட்டு, எட்டுத்தொகை ஏடுகளைத் தேடிப் பெற்றுப் படித்த பின்னரே அவற்றுள் பலவற்றின் இருப்பிடம் சாமிநாதையருக்குப் புலப்பட்டது. மூலநூல்கள் எங்கோ ஏட்டளவிலேனும் எஞ்சியிருந்தது தமிழின் நற்பேறு.

மூலமே அழிந்துபோன இடத்தில், சுட்டப்பட்ட பெயர் ஒன்றே நூலின் எச்சமாகிவிடுகிறது. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான வளையாபதியில் இன்று கிடைப்பவை 72 செய்யுட்கள். அவற்றுள் 66 புறத்திரட்டு என்னும் தொகைநூல் வழியாக வந்தவை. முத்தொள்ளாயிரத்தின் நூற்றுச் சொச்சம் வெண்பாக்களும் அத்தொகையால் பிழைத்தவையே. அதைத் தொகுத்தவர் யார் என்பது தெரியவில்லை. தம் பெயரைப் பதியாத அவர், தாம் எடுத்த நூல்களின் பெயர்களைப் பதிந்து வைத்தமையால்தான் இவ்வளவேனும் அறிய முடிகிறது.

மயிலை சீனி. வேங்கடசாமி எழுதிய ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்னும் ஆய்வு இத்தகைய குறிப்புகளையே பெரிதும் பற்றுக்கோடாகக் கொண்டது. யாப்பருங்கல விருத்தியுரை பெயரோடு சுட்டியவற்றுள் இறந்துபட்ட நூல்கள் பல அதில் இடம்பெற்றுள்ளன. அதே உரை பெயரின்றி எடுத்துக்காட்டும் செய்யுட்களும் மிகுதி. யாப்பிலக்கணத்துக்கு உதாரணமாக அவை இன்றும் பயன்படுகின்றன. அவற்றுள் வேறெங்கும் காணப்படாதவற்றுக்கு ஆசிரியர் யார், காலம் எது என்று துணிய வழியில்லை.